கேம் டைமிங் கோளாறை எஞ்சினைப் பிரிக்காமல் கண்டறிதல்: பிகோஸ்கோப் 4225ஏ, டபிள்யூபிஎஸ்500எக்ஸ் குறித்த மதிப்புரை

கரடுமுரடான பாதைகளில் ஓடும் நான்கு சக்கர இயக்க வாகனம் ஒன்றில் பி0016 என்ற கோளாறுக் குறியீடு தோன்றிவிட்டால், டைமிங் செயின் (பிஸ்டன்களோடு சுழலும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் இணைக்கும் சங்கிலி) போய்விட்டது என்ற முடிவுக்குப் பலரும் உடனே வந்துவிடுகிறார்கள். அந்த முடிவு பல நேரங்களில் சரியாகவும் இருக்கும். ஆனால், அந்தக் குறியீடு சொல்லுவது அதைவிட மிகக் குறைவு. கிராங்க் சென்சார் காட்டும் நிலையும், முதல் பேங்கின் (எஞ்சினின் ஒரு சிலிண்டர் வரிசையின்) ‘ஏ’ கேம் சென்சார் காட்டும் நிலையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். செயின் தளர்ந்ததா, ஒரு பல் தாண்டியதா, கேம் நேரத்தை மாற்றும் ஃபேசர் சிக்கிக்கொண்டதா, சென்சார் படிக்கும் பல்வளையம் தன் இடத்திலிருந்து நகர்ந்ததா, வயர் உரசி அறுந்ததா என்பதை அது சொல்லுவதில்லை, சொல்லவும் முடியாது. எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினிக்கு வால்வுகளைப் பார்க்கும் கண் கிடையாது. இரண்டு சென்சார்கள் அனுப்பும் மின்துடிப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பதோடு அதன் அறிவு முடிந்துவிடுகிறது.

சாதாரணக் காரில் முன்பக்க மூடியைத் திறந்து பார்த்துவிடலாம் என்று துணிபவர்கள்கூட, முன்னால் விஞ்ச் பொருத்திய கனமான பம்பர், அடியில் தகட்டுக் காப்பு, கூடுதல் எண்ணெய்க் குளிர்விப்பான் என்று எல்லாம் ஏற்றப்பட்ட ஒரு வாகனத்தில் அப்படித் துணிவதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும். ரேடியேட்டர், விசிறி, கிராங்க் புல்லி, சில எஞ்சின்களில் எண்ணெய்த் தொட்டியின் முன்பகுதி வரை கழற்றிய பிறகு, செயின் குறிகள் அனைத்தும் சரியாக நிற்பதைக் கண்டால், அத்தனை உழைப்பும் வீண். ஆகவே, மூடியைத் திறப்பதற்கு முன்னரே வால்வுகள் உண்மையில் எப்போது திறந்து எப்போது மூடுகின்றன என்பதைக் காட்டக்கூடிய கருவி ஒன்று இத்தகைய வாகனங்களைப் பார்ப்பவர்களுக்கு அவசியம் என்பது என் உறுதியான கருத்து. பிகோ டெக்னாலஜி நிறுவனத்தின் பிகோஸ்கோப் 4225ஏ என்ற இரு சானல் ஆசிலோஸ்கோப்பையும் (ஒரே நேரத்தில் இரண்டு மின்துடிப்புகளை அலைவடிவமாகக் காட்டும் கருவி), அதே நிறுவனத்தின் டபிள்யூபிஎஸ்500எக்ஸ் என்ற அழுத்த உணரியையும் அந்த ஒரே நோக்கில் இங்கே மதிப்பிடுகிறேன். அவற்றைக் கொண்டு செய்யக்கூடிய மற்ற நூறு சோதனைகள் இந்த மதிப்புரையில் இடம்பெறவில்லை.

4225ஏ தனித் திரை இல்லாத கருவி. யுஎஸ்பி வழியாக மடிக்கணினியோடு இணைந்து, அதிலிருந்தே மின்சாரத்தையும் பெற்றுக்கொள்கிறது. 12 பிட் துல்லியம், 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலம் ஆகியவை அதன் முக்கியமான அளவுகள். கேம் டைமிங் வேலைக்கு 20 மெகாஹெர்ட்ஸ் தேவைக்கும் மிகுதி. உண்மையில் பயன்படுவது அந்த 12 பிட்தான். 8 பிட் கருவி ஒன்று தன் அளவெல்லை முழுவதையும் 256 படிகளாகப் பிரிக்கிறது; 12 பிட் கருவி அதையே 4096 படிகளாகப் பிரிக்கிறது. சிலிண்டர் அழுத்தத்தின் உச்சம் திரை நிறையத் தெரிய, வால்வு திறப்பதைக் காட்டும் சிறிய ஏற்றமும் இறக்கமும் அடியில் ஒரு கோடாக ஒடுங்கிக் கிடக்கும். அந்த அடிப்பகுதியைப் பெரிதாக்கும்போது அலைவடிவம் படிக்கட்டாக உடையாமல் வழவழப்பாகத் தெரிவது இந்தத் துல்லியத்தால்தான். இரு சானல்களின் எர்த் இணைப்பும் ஒன்றையொன்று சாராமல் இருப்பது இன்னொரு நன்மை. சேறும் நீரும் பட்டு எர்த் முனைகள் அரித்துப்போன வாகனத்தில், சென்சாரின் எர்த்தையே நேரடியாக அடிப்படையாக வைத்து அளக்க அது உதவுகிறது.

டபிள்யூபிஎஸ்500எக்ஸ் மூன்று அழுத்த எல்லைகளில் இயங்குகிறது. முதல் எல்லை 500 பிஎஸ்ஐ வரை, அதாவது ஏறத்தாழ 34.5 பார் வரை அளக்கும். இரண்டாவது மைனஸ் 15 முதல் 50 பிஎஸ்ஐ வரை. மூன்றாவது மைனஸ் 5 முதல் 5 பிஎஸ்ஐ வரை. கேம் டைமிங் பார்ப்பதற்கு முதல் எல்லை. இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பகிரும் குழாய்த் தொகுதியின்) வெற்றிடத் துடிப்பைப் பார்ப்பதற்கு இரண்டாவது. எக்ஸாஸ்ட் குழாயின் மெல்லிய துடிப்புகளுக்கு மூன்றாவது. உணரிக்குள்ளேயே மின்கலம் இருப்பதால் வெளியிலிருந்து மின்சாரம் எடுக்கத் தேவையில்லை.

முதலில் செய்ய வேண்டிய சோதனை எளிது. ஒரு சானலில் கிராங்க் சென்சார், மற்றொன்றில் கேம் சென்சார். எஞ்சினை ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டுப் பதிவு செய்தால் இரண்டு அலைவடிவங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். கிராங்க் சக்கரம் பரவலாகக் காணப்படும் 60 கழித்தல் 2 வகையைச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். 60 பற்களுக்கான இடத்தில் 58 பற்களும் இரண்டு பற்கள் இல்லாத ஓர் இடைவெளியும் அதில் இருக்கும். பல்லுக்குப் பல் 6 டிகிரி. இடைவெளியிலிருந்து எத்தனையாவது பல்லுக்கு நேராகக் கேம் துடிப்பின் விளிம்பு விழுகிறது என்று எண்ணி, அதே எஞ்சினின் சரியான அலைவடிவத்தோடு ஒப்பிட வேண்டும். 40 பற்கள் கொண்ட கேம் ஸ்ப்ராக்கெட்டில் செயின் ஒரு பல் தாண்டினால், கேம் 9 டிகிரி நகரும். கேம் ஒரு சுற்றுச் சுற்றும்போது கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றுவதால், கிராங்க் கணக்கில் அது 18 டிகிரி. திரையில் அது சரியாக மூன்று பற்கள் தள்ளித் தெரியும். செயினின் முள்களும் புஷ்களும் தேய்ந்து செயின் நீண்டிருந்தால் நகர்வு அவ்வளவு இருக்காது. ஒரு பல்லுக்கு உள்ளேயோ சற்றுக் கூடுதலாகவோ நிற்கும். முழுப் பற்களாக நகர்ந்திருக்கிறதா, பின்னமாக நகர்ந்திருக்கிறதா என்ற இந்த ஒரு விவரமே பல நேரங்களில் பாதி விடையைத் தந்துவிடுகிறது.

மீதிப் பாதிதான் கடினம். சென்சார் அலைவடிவங்கள் சென்சார்களுக்கு இடையேயான உறவைக் காட்டுகின்றனவே தவிர, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையேயான உறவைக் காட்டுவதில்லை. கேம் ஷாஃப்டில் அழுத்திப் பொருத்தப்பட்ட வளையம் நழுவியிருந்தாலும், செயின் ஒரு பல் தாண்டியிருந்தாலும், திரையில் ஒரே படம்தான் விழும். கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் இங்கே திகைத்து நிற்கும். சென்சார்களை மட்டும் பார்க்கும் ஆசிலோஸ்கோப்பும் இங்கே திகைத்து நிற்கும். அழுத்த உணரி தன் விலைக்கு உரிய வேலையைச் செய்வது இந்த இடத்தில்தான்.

இணைக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்லுவது நல்லது. அளவீட்டின் நம்பகத்தன்மை அதைப் பொறுத்தே இருக்கிறது. சோதிக்கும் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கம்ப்ரஷன் குழாயைக் கையாலேயே திருகி, ‘ஓ’ வளையம் உட்காரும் அளவுக்கு இறுக்கினால் போதும். குழாயின் முனையில் ஒருவழி வால்வு இருக்கக் கூடாது. சாதாரணக் கம்ப்ரஷன் மீட்டரின் குழாயில் உச்ச அழுத்தத்தைப் பிடித்துவைப்பதற்காக அந்தச் சிறு வால்வு இருக்கும். அதை எடுக்காமல் இணைத்தால் அழுத்தம் ஏறுவது மட்டுமே தெரியும், இறங்குவது தெரியாது. அந்தச் சிலிண்டரின் காயிலில் ஸ்பார்க் டெஸ்டர் ஒன்றை மாட்டி அதை எர்த் செய்ய வேண்டும். இன்ஜெக்டர் இணைப்பையும் பிடுங்கிவிட வேண்டும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போனால் அது சூடேறிக் கெட்டுவிடும். உணரியை அழுத்தம் இல்லாத நிலையில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே குழாயில் பொருத்த வேண்டும். கேம் நேரத்தை மாற்றும் அமைப்பு உள்ள எஞ்சினாக இருந்தால், அதன் எண்ணெய்க் கட்டுப்பாட்டு சோலனாய்டுகளின் (மின்சாரத்தால் இயங்கும் வால்வுகளின்) இணைப்புகளையும் கழற்றிவிட்டு, கேம்கள் தங்கள் அடிப்படை நிலையில் நிற்கும்போது அளக்க வேண்டும். இதைச் செய்யாமல் எடுத்த அலைவடிவத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்தால், எரிதல் இல்லாத அந்த ஒரு சிலிண்டரின் அழுத்தம் 720 டிகிரிக்கு ஒரு கோபுரமாகத் திரையில் ஓடத் தொடங்கும். நல்ல எஞ்சினில் ஐடிலில் கோபுரத்தின் உயரம் பொதுவாக 4 முதல் 6 பார் வரை இருக்கும். கோபுரத்தின் உச்சமே பிஸ்டன் மேலே நிற்கும் இடம். அதுவே 0 டிகிரி. உச்சத்திலிருந்து இறங்கும் கோடு வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டிக் கீழே போய் ஒரு பள்ளத்தை உண்டாக்கும். பிஸ்டன் கீழ்நிலையை அடைவதற்கு ஏறத்தாழ 40 டிகிரி முன்பாக எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்க, எக்ஸாஸ்ட் குழாயில் நிற்கும் வாயு உள்ளே பாய்ந்து அந்தப் பள்ளத்தை நிரப்பும்; கோடு சரிவாக மேலேறி வளிமண்டல அழுத்தத்தை எட்டும். சாதாரணக் கேம் அமைப்புள்ள எஞ்சின்களில் அந்தச் சரிவின் நடுப்பகுதி 180 டிகிரிக்கு அருகில் விழும். பின்னர் 360 டிகிரி வரை ஏறத்தாழச் சமதளமாகச் செல்லும் கோடு, இன்டேக் வால்வு திறந்ததும் மேனிஃபோல்டின் வெற்றிட அளவுக்குக் கீழிறங்கி, 540 டிகிரியைத் தாண்டிச் சற்று நேரம் கழித்து, இன்டேக் வால்வு மூடியதும் மறுபடியும் கோபுரமாக எழும்.

ஒரு நிலைக்கண்ணாடி போல வால்வுகளின் நடத்தையை அப்படியே எதிரே நிறுத்தும் இந்தக் கோட்டில், கேம் பின்தங்கினால் எக்ஸாஸ்ட் சரிவு வலப்பக்கம் நகரும். முந்தினால் இடப்பக்கம் நகரும். அதைவிட நுட்பமான தகவல் 360 டிகிரியைச் சுற்றி இருக்கிறது. செயின் தாண்டியதால் ஒரு பேங்கின் இரு கேம்களும் சேர்ந்து பின்தங்கியிருந்தால், எக்ஸாஸ்ட் வால்வும் தாமதமாகவே மூடுவதால், சமதளம் 360 டிகிரியைத் தாண்டியும் நீண்டு, அதன் பிறகே கோடு கீழிறங்கும். இன்டேக் கேம் மட்டும் பின்தங்கியிருந்தால் நடப்பது வேறு. எக்ஸாஸ்ட் வால்வு உரிய நேரத்தில் மூடிவிட்டது. இன்டேக் வால்வு இன்னும் திறக்கவில்லை. பிஸ்டனோ கீழிறங்கத் தொடங்கிவிட்டது. மூடிய அறையில் அழுத்தம் சட்டென்று விழுந்து, மேனிஃபோல்டின் அளவைவிடவும் கீழே ஒரு கூர்மையான பள்ளம் தோன்றி, இன்டேக் வால்வு திறந்ததும் நிமிரும். முதல் படம் செயினைச் சுட்டுகிறது. இரண்டாவது படம் இன்டேக் ஃபேசரைச் சுட்டுகிறது. மூடியைத் திறக்காமலே இந்த வேறுபாட்டைக் காண முடிவதுதான் இந்தக் கருவிகளின் முதன்மையான சிறப்பு என்று நான் கருதுகிறேன்.

இவற்றை நான் பயன்படுத்திய இரண்டு வாகனங்களைப் பற்றிச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். இரண்டுமே வி வடிவ ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்டவை. இரண்டிலும் பாறை ஏறும்போது குறைந்த வேகத்தில் இழுவை இல்லை என்பதே குறை.

முதல் வாகனத்தில் பி0016 மட்டும் இருந்தது. ஸ்கேனரில் எரிபொருள் திருத்த அளவுகளை (கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை) பார்த்தபோது, முதல் பேங்க் எதிர்மறையாகவும் இரண்டாவது பேங்க் நேர்மறையாகவும் எதிரெதிர்த் திசைகளில் விலகியிருந்தன. காற்றோட்ட மீட்டரை நம்பி இயங்கும் எஞ்சினில் இது பொருள் பொதிந்த அறிகுறி. உள்ளே வரும் மொத்தக் காற்றையும் இரு பேங்குகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதாகக் கணினி எண்ணிக்கொள்கிறது. கேம் பின்தங்கிய பேங்க் குறைவாக மூச்செடுப்பதால் அதற்கு எரிபொருள் மிகுந்துவிடுகிறது, மற்றதற்குப் போதாமல் போகிறது. சென்சார் அலைவடிவத்தில் முதல் பேங்கின் கேம் துடிப்பு மூன்று கிராங்க் பற்கள் தள்ளி நின்றது; இரண்டாவது பேங்க் சரியாக இருந்தது. பிறகு முதல் பேங்கின் சிலிண்டர் ஒன்றில் அழுத்த உணரியைப் பொருத்திப் பார்த்தபோது, எக்ஸாஸ்ட் சரிவும் அதே அளவு வலப்பக்கம் நகர்ந்திருந்தது. 360 டிகிரியில் பள்ளம் ஏதுமின்றிச் சமதளம் நீண்டிருந்தது. இரண்டாவது பேங்கின் சிலிண்டரில் எடுத்த கோடு எல்லா இடங்களிலும் ஒழுங்காக இருந்தது. இதற்கு மேல் ஐயப்பட இடமில்லாததால் மூடியைத் திறக்கச் சொன்னேன். அந்தப் பேங்கின் செயின் வழிகாட்டிப் பட்டையின் பிளாஸ்டிக் முகம் உடைந்து, செயின் ஒரு பல் தாண்டியிருந்தது.

இரண்டாவது வாகனத்தில் பி0016, பி0018 ஆகிய இரண்டும் இருந்தன. அதாவது இரு பேங்குகளின் கேம்களும் கிராங்கோடு பொருந்தவில்லை. இரு பேங்குகளின் துடிப்புகளும் ஒரே திசையில் ஒரே அளவு நகர்ந்திருந்தால், கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில், அதாவது கிராங்க் பக்கத்தில் இருக்க வேண்டும். அது முதன்மைச் செயினாகவோ கிராங்க் ஸ்ப்ராக்கெட்டாகவோ இருந்தால் முன்மூடியைத் திறந்தாக வேண்டும். இங்கே அழுத்தக் கோடு மிகத் தெளிவாக வேறு ஒன்றைச் சொன்னது. எக்ஸாஸ்ட் சரிவு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இன்டேக் இறக்கமும் அப்படியே. வால்வுகள் பிஸ்டனோடு சரியாகவே இயங்கிக்கொண்டிருந்தன. ஒரு சானலில் அழுத்தத்தையும் மற்றொன்றில் கிராங்க் சென்சாரையும் சேர்த்துப் பதிவு செய்தபோது, கோபுர உச்சத்துக்கும் பல்லில்லா இடைவெளிக்கும் இடையிலான தூரம் அந்த எஞ்சினுக்கு உரிய அளவிலிருந்து விலகியிருந்தது. அதுவும் ஸ்டார்ட்டர் சுழற்றும்போது ஓர் அளவாகவும், ஐடிலில் வேறோர் அளவாகவும் விலகியிருந்தது. உறுதியாகப் பிணைக்கப்பட்ட வளையம் அப்படி அசையாது. அந்த எஞ்சினில் கிராங்க் சென்சார் படிக்கும் பற்கள், கிராங்கைக் கியர்பாக்ஸ் பக்கத்தோடு இணைக்கும் தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டில் அமைந்தவை. கியர்பாக்ஸ் பக்கத்துச் சோதனைத் துளை வழியாக விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, போல்ட் வட்டத்தைச் சுற்றித் தகடு கீறியிருந்தது தெரிந்தது. கிராங்க் நிலை தவறாகப் படிக்கப்பட்டதால் ஸ்பார்க்கும் தவறான நேரத்தில் விழுந்து, இழுவை குறைந்திருந்தது. செயின் தொகுப்பு முழுவதையும் மாற்றியிருந்தாலும் அந்த வாகனம் சரியாகியிருக்காது.

இதே கேள்விக்கு மலிவான கருவிகளைக் கொண்டு விடை காண முடியாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், நியாயமான கேள்விதான். வெற்றிட மீட்டர் ஒன்று, நல்ல எஞ்சினில் ஐடிலில் பாதரசக் கணக்கில் 17 முதல் 21 அங்குலம் காட்டும். கேம் பின்தங்கியிருந்தால் முள் ஆடாமல் தாழ்ந்து நிற்கும். ஆனால், உயரம் ஏற ஏற, ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஓர் அங்குலம் வீதம் அந்த அளவும் குறையும். ஸ்பார்க் தாமதமானாலும், எங்கேனும் காற்றுக் கசிந்தாலும் முள் அதேபோலத் தாழும். கம்ப்ரஷன் மீட்டரைப் பற்றி இன்னும் கூடுதலான எச்சரிக்கை தேவை. கேம் பின்தங்கினால் இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால் அழுத்தம் குறையும். அதை மீட்டர் காட்டிவிடும். கேம் முந்தியிருந்தாலோ வால்வு முன்னதாகவே மூடிவிடுவதால் அழுத்தம் குறையாது. சற்றுக் கூடவும் செய்யும். எல்லாச் சிலிண்டர்களிலும் நல்ல எண்கள் வந்துவிட்டன, ஆகவே டைமிங் சரி என்று அந்த மீட்டரை மட்டும் நம்பி எழுதிவிட்டால், கோளாறு உள்ளேயே இருந்துவிடும். அழுத்தக் கோட்டில் அந்த முந்துதல் ஒளிய முடியாது. எக்ஸாஸ்ட் சரிவு இடப்பக்கம் நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மென்பொருளில் உள்ள சுழற்சி அளவுகோல் வசதி பற்றி ஒரு பாராட்டும் ஓர் எச்சரிக்கையும். ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரம் வரை இழுத்து 720 டிகிரி என்று கொடுத்து, நான்காகப் பிரிக்கச் சொன்னால், நான்கு ஸ்ட்ரோக்குகளும் தனித்தனிக் கட்டங்களாகத் திரையில் பிரிந்து நிற்கும். கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த உதவி இல்லை. ஆனால், அந்த அளவுகோல் நேரத்தைச் சமமாகப் பங்கிட்டுத்தான் டிகிரி என்று காட்டுகிறது. ஸ்டார்ட்டர் மட்டும் சுழற்றும்போது, ஒவ்வொரு கம்ப்ரஷனுக்கும் கிராங்க் தயங்கி, பிறகு வேகமெடுப்பதால், நேரப் பங்கீடு உண்மையான டிகிரியிலிருந்து கணிசமாக விலகும். ஐடிலில் இந்தப் பிழை குறைவு. கிராங்க் சென்சாரின் பற்களையும் கூடவே பதிவு செய்து பற்களை எண்ணினால் பிழையே இல்லை, அந்தப் பல்வளையம் நகராமல் இருக்கும் வரை. ஆகவே, வளையத்தின் மேல் ஐயம் இருக்கும் வாகனத்தில் கோபுர உச்சமே ஆதாரம். மற்ற வாகனங்களில் பற்களே ஆதாரம்.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை சானல்களின் எண்ணிக்கை. கேம், கிராங்க், அழுத்தம் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் பதிவு செய்ய 4225ஏ இடம்தராது. கிராங்க்கைப் பொதுவாக வைத்துக்கொண்டு இரண்டு முறை பதிவு செய்து, இரண்டு பதிவுகளையும் இடைவெளியின் மேல் இடைவெளி பொருந்துமாறு ஒப்பிட வேண்டும். நிலையான கோளாறுக்கு அது போதும். நான் சொன்ன இரண்டு வாகனங்களிலும் அது போதுமானதாகவே இருந்தது. இரு பேங்குகளிலும் இன்டேக், எக்ஸாஸ்ட் என நான்கு கேம்கள் கொண்ட, வந்து வந்து மறையும் கோளாறுள்ள எஞ்சினில் ஒரே பதிவில் அனைத்தையும் பிடித்தாக வேண்டும். அங்கே நான்கு சானல் கொண்ட 4425ஏ தான் தேவை. பட்டறை நடத்துபவர் தொடக்கத்திலேயே நான்கு சானலுக்குப் போய்விடுவது நல்லது என்று பரிந்துரைக்கிறேன்.

இரண்டாவது, மடிக்கணினியைச் சார்ந்திருப்பது. பட்டறைக்குள் அது பொருட்டல்ல. மழையிலும் தூசியிலும் பாதையோரத்தில் நிற்கும் வாகனத்தின் மேல் மடிக்கணினியை விரித்துவைப்பது எளிதல்ல. வெயிலில் திரையே தெரியாது. வழியில் நின்றுபோன வாகனத்தைக் கிளப்புவதற்கான கருவி அல்ல இது. ஊர் திரும்பிய பிறகு உண்மையைக் கண்டறிவதற்கான கருவி.

மூன்றாவது, டீசல். ஆஃப்-ரோடு வாகனங்களில் பெரும்பகுதி டீசல் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டீசல் எஞ்சினில் வெறுமனே ஸ்டார்ட்டரில் சுழற்றும்போதே அழுத்தம் 20 முதல் 30 பார் வரை போகும். உணரியின் 34.5 பார் எல்லைக்கும் அதற்கும் நடுவே உள்ள இடைவெளி குறைவு. குளோ பிளக் துளையில் பொருத்துவதற்கு அந்தந்த எஞ்சினுக்குரிய அடாப்டரும் வேண்டும். சுழற்றும் சோதனையோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு. டர்போ பொருத்திய டீசலை ஓடவிட்டு வேகமேற்றிப் பார்க்க இந்த உணரியைப் பயன்படுத்தக் கூடாது என்பது என் கருத்து.

சூட்டைப் பற்றியும் கவனம் வேண்டும். அழுத்தக் காற்று ஒவ்வொரு சுற்றிலும் குழாய்க்குள் புகுந்து வெளியேறுவதால், நீண்ட நேரம் ஓடவிட்டால் குழாயும் உணரியும் சூடேறும். தேவையான பதிவு கிடைத்தவுடன் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். ஐடிலில் சில நொடிகள் ஓடினாலே போதுமான சுற்றுகள் பதிவாகிவிடும். கசிவையும் டைமிங் பிழையையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதும் பயிற்சியால்தான் வரும். பிஸ்டன் வளையமோ வால்வோ கசிந்தால், கோபுரம் உயரம் குறைந்து இரு பக்கமும் சமமற்றதாகத் தெரியும். அதற்குப் பின் வரும் பள்ளம் ஆழமாகும். ஆனால், சரிவு தொடங்கும் இடம் மாறாது. ஆழம் மாறினால் கசிவு, இடம் மாறினால் டைமிங். கருவியோடு வரும் மென்பொருளில், பயன்படுத்துவோர் பதிவேற்றிய அலைவடிவங்களின் நூலகம் ஒன்று இருப்பது இத்தகைய ஒப்பீட்டுக்குப் பெரிதும் துணைசெய்கிறது. எல்லா எஞ்சின்களுக்கும் அதில் மாதிரி கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. பதிவேற்றியவர் எந்த நிலையில் அளந்தார் என்பதையும் பார்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோளாறு எங்கே என்று தெரிந்த பிறகு, ஏன் வந்தது என்ற கேள்வியும் ஆஃப்-ரோடு வாகனத்தில் தனித்து நிற்கிறது. டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பல எஞ்சின்களில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. செங்குத்தான சரிவிலோ பக்கவாட்டுச் சாய்விலோ வாகனம் நீண்ட நேரம் நிற்கும்போது, எண்ணெய் தொட்டியின் ஒரு மூலைக்கு ஓடி, உறிஞ்சும் குழாய் காற்றை இழுத்தால், டென்ஷனர் தளரும். எண்ணெய் மட்டம் ஏற்கெனவே குறைந்திருந்தால் இது இன்னும் விரைவில் நிகழும். ஆழமான நீரைக் கடந்த பிறகு எண்ணெயில் நீர் கலந்திருந்தால், டென்ஷனர், ஃபேசர் இரண்டுமே பாதிக்கப்படும். காந்த வகைக் கிராங்க் சென்சாரின் முனையில் இரும்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு துடிப்பின் வடிவம் சிதைவதும், வெளிப்பக்கப் பெல்ட் உறைக்குள் மணல் புகுந்து பெல்ட்டை அரிப்பதும் இவ்வாகனங்களில் மிகுதி. துடிப்பு சிதைந்திருந்தால் ஆசிலோஸ்கோப் அதை முதல் சோதனையிலேயே காட்டிவிடும்; அழுத்த உணரியைத் தொட வேண்டிய தேவைகூட வராது.

ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் குறியீடு படிக்கும் வாகன உரிமையாளருக்கு இந்த இணை தேவையில்லை; இதை வைத்திருக்கும் பட்டறையைத் தேடிப் போனால் போதும். கடினமான பாதைகளில் ஓடும் வாகனங்களைத் தொடர்ந்து பார்க்கும் மெக்கானிக்குக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். வாங்குபவர்கள், வாகனம் நலமாக இருக்கும்போதே அதன் கேம்-கிராங்க் பதிவையும், ஒரு பேங்குக்கு ஒரு சிலிண்டர் வீதம் அழுத்தப் பதிவையும் எடுத்து, எஞ்சினின் சூடு, சோலனாய்டுகள் கழற்றப்பட்டிருந்தனவா என்ற விவரங்களோடு, அந்த வாகனத்தின் பெயரிலேயே சேமித்துவைக்க வேண்டும். செயின் மாற்றிய வாகனமாக இருந்தால், மூடியை மாட்டி ரேடியேட்டரை ஏற்றுவதற்கு முன்பே, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் குறிகளைச் சரிபார்த்துவிட்டு, எஞ்சின் ஓடத் தொடங்கிய அன்றே இந்தப் பதிவுகளை எடுத்துவிடுவது நல்லது.